உறங்கும் பைத்தான் லைப்ரரி: பேட்ச் போடுவதா, பொறுப்பை ஏற்பதா, ஃபோர்க் வெளியிடுவதா?

உங்கள் புரோகிராம் நம்பியிருக்கும் ஒரு பைத்தான் லைப்ரரிக்கு மூன்று வருடமாக ரிலீஸ் இல்லை. இஷ்யூக்களுக்குப் பதில் இல்லை, யார் யாரோ அனுப்பிய திருத்தங்கள் புல் ரிக்வெஸ்ட்டாகவே கிடக்கின்றன. இந்த நிலையில் ஐந்து வழிகள் இருக்கின்றன: உங்கள் பக்கத்திலேயே பேட்ச் போட்டுக்கொள்வது, பழைய பராமரிப்பாளரிடம் கேட்டுக் கூட்டுப் பொறுப்பு ஏற்பது, பைத்தான் பேக்கேஜ்கள் வெளியாகும் பொதுத் தளமான பைபிஐயின் நிர்வாகத்திடம் மனு கொடுத்துப் பெயரை வாங்குவது, கோடின் நகலைத் தனியாக வளர்த்துப் புதுப் பெயரில் ஃபோர்க்காக வெளியிடுவது, அந்த லைப்ரரியை விட்டே விலகுவது.

எது சரி என்பதைக் கோட்டின் தரத்தைவிட இரண்டு கேள்விகள்தான் தீர்மானிக்கின்றன. பைபிஐயில் அந்தப் பெயருக்கான வெளியீட்டு உரிமை யாரிடம் இருக்கிறது? அந்த லைப்ரரியை நீங்கள் மட்டும் நேரடியாக அழைக்கிறீர்களா, அல்லது நீங்கள் பயன்படுத்தும் வேறு லைப்ரரிகள் வழியாகவும் அது உள்ளே வருகிறதா? இந்த இரண்டுக்கும் விடை தெரியாமல் கிட்ஹப்பில் ஃபோர்க் பட்டனை அழுத்துவதில் பலன் குறைவு. கோடை யாரும் எடுத்துக்கொள்ளலாம். ஆனால் பைபிஐயிலிருந்து நிறுவ பிப் இன்ஸ்டால் என்று அடிப்பவருக்கு எது போய்ச் சேரும் என்பதைப் பெயரின் உரிமையாளர்தான் முடிவு செய்கிறார்.

பைக்ரிப்டோ என்ற குறியாக்க லைப்ரரி இதற்கு நல்ல சாட்சி. அதன் கடைசி ரிலீஸ் 2.6.1, 2013 அக்டோபரில் வந்தது. பின்னர் பாதுகாப்பு ஓட்டைகளின் பொதுப் பட்டியலில் சிவிஇ-2013-7459 என்று எண் பெற்ற மெமரிப் பிழைக்கான திருத்தம் கிட் ரெப்போவில் சேர்ந்துவிட்டது, ஆனால் அதைச் சுமந்த ரிலீஸ் ஒன்றுகூட வரவில்லை. கோட் திருந்தியும் பிப் வழியாக நிறுவியவர்களுக்குப் பழைய ஓட்டைதான் கிடைத்தது.

முதலில் அரை நாள் சோதனை

ரிலீஸ் வரவில்லை என்பதாலேயே ஒரு லைப்ரரி செத்துவிடாது. ஏதோ ஒரு ஃபைல் வகையைப் படிக்கும் சிறு லைப்ரரி தன் வேலையை முடித்துவிட்டு அமைதியாக இருக்கலாம். அது எந்த நிலையில் இருக்கிறது என்று அறிய, புதிய வெர்ச்சுவல் என்விரான்மென்ட் ஒன்றில் இப்போதைய பைத்தானை வைத்து, ஏற்கெனவே கட்டித் தயாராக இருக்கும் வீல் ஃபைலை எடுக்காமல் சோர்ஸிலிருந்தே பில்ட் செய்து நிறுவுங்கள். பிறகு எச்சரிக்கைகளைப் பிழைகளாக எண்ணும்படி சொல்லி டெஸ்ட்டுகளை ஓட்டுங்கள். அடுத்த இரண்டு பைத்தான் ரிலீஸ்களில் என்ன உடையும் என்பதும் பெரும்பாலும் இதிலேயே தெரிந்துவிடும்.

உடைபவை பெரும்பாலும் திரும்பத் திரும்பக் காணும் சில விஷயங்கள்தான். கலெக்‌ஷன்ஸ் மாட்யூலில் இருந்த மேப்பிங், காலபிள் போன்ற பழைய பெயர்கள் பைத்தான் 3.10-இல் நீக்கப்பட்டன. 2015-இல் 1.3.7-ஓடு நின்றுபோன நோஸ் டெஸ்ட் கருவி இதில்தான் விழுந்தது. டிஸ்ட்யூட்டில்ஸ், இம்ப் மாட்யூல்கள் 3.12-இல் போயின. அதே 3.12-இல் சேஃப்கான்ஃபிக்பார்சரும் போனதால், பதிப்பு எண்ணைக் கணக்கிடும் வெர்ஷனீர் கருவியின் பழைய ஃபைலைத் தன்னோடு வைத்திருந்த லைப்ரரிகள் நிறுவும்போதே விழுந்தன. சிஜிஐ, டெல்நெட்லிப் ஆகியவை 3.13-இல் இல்லை. 2021-இல் வந்த செட்அப்டூல்ஸ் 58, பைத்தான் 2 கோடைத் தானாக மாற்றித் தந்த வசதியை எடுத்துவிட்டது. நம்பை 1.24 பழைய இன்ட், ஃப்ளோட், பூல் மாற்றுப்பெயர்களை நீக்கியது. இவற்றில் எதுவும் அரை நாளுக்கு மேல் பிடிக்கும் வேலை இல்லை.

சி எக்ஸ்டென்ஷன் இருந்தால் கணக்கு வேறு. பைத்தான் பாணிக் கோடைச் சி மொழிக்கு மாற்றும் சைத்தான் கருவி உருவாக்கிய சி ஃபைலை ரிலீஸோடு சேர்த்து அனுப்பியிருந்தால், பைத்தான் 3.11-இல் லாங்-இன்ட்-ரெப் ஹெடர் இடம் மாறியதால் கம்பைலர் அங்கேயே நின்றுவிடும். சி ஃபைலைக் கையால் திருத்த வேண்டாம். அதை அழித்துவிட்டுப் புதிய சைத்தானால் மீண்டும் உருவாக்குங்கள். ஆனால் பில்ட் தேவைகளில் சைத்தானுக்கு மேல்வரம்பு இல்லையென்றால் வேறு ஆபத்து இருக்கிறது. 2023 ஜூலையில் சைத்தான் 3.0 வந்ததும், மேல்வரம்பு வைக்காத பையாமல் 5.4.1 ஒரே நாளில் பில்ட் ஆகாமல் போனது. சி எக்ஸ்டென்ஷன் உள்ள லைப்ரரியைக் கையில் எடுப்பவர் லினக்ஸ், விண்டோஸ், மேக் மூன்றுக்கும், ஒவ்வொரு பைத்தான் பதிப்புக்கும் வீல் கட்ட வேண்டும். இந்தச் சுமையைக் கணக்கில் எடுக்காமல் பொறுப்பேற்றவர்கள் இரண்டாவது வருடத்தில் ஓய்ந்துவிடுகிறார்கள்.

கோட் நன்றாக இருந்தும் சுற்றியிருப்பவை செத்திருக்கலாம். டெஸ்ட்டுகளைத் தானாக ஓட்டித் தந்த டிராவிஸின் பழைய இலவசத் தளம் 2021 ஜூனில் மூடப்பட்டது, அதை நம்பியிருந்த ரெப்போக்களில் டெஸ்ட்டுகள் அன்றிலிருந்து ஓடவில்லை. ரீட் த டாக்ஸ் தளம் 2023 செப்டம்பர் முதல் ரெப்போவுக்குள் கான்ஃபிக் ஃபைல் இருந்தால்தான் ஆவணத்தைக் கட்டுகிறது.

லைசென்ஸ் ஃபைலையும் அப்போதே பாருங்கள். எம்ஐடி, பிஎஸ்டி, அப்பாச்சி, ஜிபிஎல் எதுவானாலும் பழைய காப்புரிமை வரிகளை விடாமல் வைத்துத் தொடரலாம். லைசென்ஸே இல்லையென்றால் எல்லா உரிமையும் எழுதியவருக்கே. கிட்ஹப்பில் திறந்து கிடப்பதால் அந்தக் கோடை மாற்றி வெளியிட உங்களுக்கு அனுமதி வந்துவிடாது.

உங்கள் பக்கத்திலேயே பேட்ச்

நீங்கள் எழுதுவது ஒரு அப்ளிகேஷன், அதில் அந்த லைப்ரரியை நேரடியாக அழைப்பது நீங்கள் மட்டும் என்றால் இதைவிட மலிவான வழி இல்லை. ரெப்போவின் நகலில் திருத்தத்தைச் செய்து, ரெக்வயர்மென்ட்ஸ் ஃபைலில் கிட் முகவரியோடு 40 எழுத்து கமிட் ஹாஷை முழுமையாகக் கொடுங்கள். பிராஞ்ச் பெயரைக் கொடுத்தால் நாளை யாரோ தள்ளும் கமிட்டும் உங்கள் சர்வருக்கு வந்துவிடும்.

நீங்கள் எழுதுவதும் ஒரு லைப்ரரி என்றால் இந்த வழி அடைபட்டிருக்கிறது. நேரடி முகவரியைச் சார்புநிலையாக (டிபென்டன்சி) கொண்ட எதையும் பைபிஐ ஏற்காது. அப்போது மிச்சமிருப்பது கோடை உங்கள் பேக்கேஜுக்குள்ளேயே நகலெடுத்து வைப்பது. பிப் தானே ரிக்வெஸ்ட்ஸ், யூஆர்எல்லிப்3 போன்றவற்றை இப்படித்தான் உள்ளே வைத்திருக்கிறது. இதன் பின்விளைவு, பாதுகாப்புச் சோதனைக் கருவிகளின் கண்ணில் அந்த நகல் படாது. எந்த கமிட்டிலிருந்து எடுத்தீர்கள், என்னென்ன மாற்றினீர்கள் என்று ஒரு குறிப்பு ஃபைலை அருகிலேயே வையுங்கள். லைசென்ஸ் ஃபைலும் கூடவே வர வேண்டும்.

நிறுவனத்துக்குள் தனி இண்டெக்ஸ் நடத்தி அதில் திருத்திய பதிப்பைப் போடுபவர்கள் ஒன்றைக் கவனிக்க வேண்டும். பிப்புக்குக் கூடுதல் இண்டெக்ஸ் என்ற முறையில் அதைச் சொன்னால், இரண்டு இடத்திலும் தேடி எண்ணில் பெரிய பதிப்பை எடுத்துக்கொள்ளும், உங்கள் இண்டெக்ஸுக்கு முன்னுரிமை கிடையாது. வெளியே யாராவது அதே பெயரில் பெரிய எண்ணோடு எதையாவது ஏற்றினால் அதுதான் உள்ளே வரும். தனி இண்டெக்ஸையே ஒரே இண்டெக்ஸாக வைத்து, மற்றவை அதன் வழியாகப் பைபிஐயிலிருந்து வரும்படி செய்வதுதான் பாதுகாப்பு.

பராமரிப்பாளரிடம் கேட்பது

பொதுவாகப் பயன்படும் லைப்ரரி என்றால் முதலில் முயல வேண்டியது இது. பெயர் மாறாது, பயனர் யாரும் எதையும் மாற்ற வேண்டாம், பழைய இஷ்யூக்களும் வரலாறும் அப்படியே இருக்கும். பெரும்பாலான பராமரிப்பாளர்கள் மனதளவில் விலகியிருப்பார்களே தவிர ஆளே காணாமல் போயிருக்க மாட்டார்கள். "இந்த லைப்ரரி இன்னும் உயிரோடு இருக்கிறதா?" என்று இஷ்யூவில் கேட்பது அவருக்குக் குற்றச்சாட்டாகத்தான் படும். அதற்குப் பதில், இரண்டு மூன்று சிறிய, டெஸ்ட்டோடு கூடிய புல் ரிக்வெஸ்ட் அனுப்புங்கள். பிறகு, எந்த பைத்தான் பதிப்புக்கு ரிலீஸ் வேண்டும், எதைத் தொட மாட்டீர்கள், எவ்வளவு காலம் பார்த்துக்கொள்வீர்கள் என்று ஒரே மின்னஞ்சலில் சொல்லிவிடுங்கள். அவர் செய்ய வேண்டியது நாலு கிளிக் என்ற அளவுக்கு வேலையைக் குறைத்துக் கொடுத்தால் பதில் வருகிறது.

இங்கே அடிக்கடி நடக்கும் தவறு, கிட்ஹப்பில் எழுதும் உரிமை கிடைத்ததும் எல்லாம் முடிந்தது என்று எண்ணிவிடுவது. பைபிஐ உரிமை தனி. அதில் இரண்டு படிகள் உண்டு: மெயின்டெய்னர் ரிலீஸ் ஏற்றலாம், ஓனர் ஆட்களைச் சேர்க்கவும் நீக்கவும் பிராஜெக்ட்டையே அழிக்கவும் முடியும். முதலில் மெயின்டெய்னர் போதும். பழையவரும் ஓனராகவே தொடரட்டும், அது இரு பக்கத்துக்கும் நல்லது. 2023 ஏப்ரலில் பைபிஐ கொண்டுவந்த டிரஸ்டட் பப்ளிஷிங் முறையில் கிட்ஹப் ஆக்‌ஷன்ஸிலிருந்தே ரிலீஸ் போகும்படி அமைத்தால் டோக்கனைக் கைமாற்ற வேண்டிய தேவையே இராது. பின்னர் ரெப்போவை வேறு அமைப்பின் கீழ் மாற்றினால் பைபிஐயில் உள்ள டிரஸ்டட் பப்ளிஷிங் செட்டிங்கைப் புதிய முகவரிக்குத் திருத்த மறக்காதீர்கள், இல்லாவிட்டால் அடுத்த ரிலீஸ் வெளியேறாது. ஆவணத் தளம், டொமைன் ஆகியவற்றின் உரிமையையும் அப்போதே கேட்டு வாங்குங்கள்.

கொடுப்பவர் பக்கத்தில் நின்று பார்த்தால் இதே வழிதான் மிக ஆபத்தானதும். 2018-இல் ஜாவாஸ்கிரிப்ட் உலகின் ஈவென்ட்-ஸ்ட்ரீம் பேக்கேஜை, கேட்டு வந்த ஒருவரிடம் பராமரிப்பாளர் ஒப்படைத்தார். வந்தவர் சேர்த்த ஒரு சார்புநிலை, கோபே பிட்காயின் வாலட்டைக் குறிவைத்த திருட்டுக் கோட். ஃபைல் சுருக்கும் கருவியான எக்ஸ்இசட்டின் விவகாரம் இன்னும் பொறுமையாக நடந்தது. ஜியா டான் என்ற பெயரில் 2021 முதல் திருத்தம் அனுப்பி நம்பிக்கை பெற்றவர், 5.6.0, 5.6.1 ரிலீஸ்களில் பின்கதவு வைத்தார். 2024 மார்ச் 29 அன்று ஆண்ட்ரஸ் ஃப்ராய்ண்ட் என்ற மென்பொருள் பொறியாளர் அதை அம்பலப்படுத்தினார். எஸ்எஸ்ஹெச் லாகின் அரை நொடி தாமதமானதை அவர் கவனித்திராவிட்டால் அது உலகெங்கும் சர்வர்களில் ஏறியிருக்கும். அந்தக் கோடை இயக்கி வைத்த பில்ட் ஸ்கிரிப்ட் கிட் ரெப்போவில் இல்லை, ரிலீஸுக்காகக் கட்டிய டார் ஃபைலில் மட்டும் இருந்தது.

இதற்காக யாரையும் நம்பாமல் இருப்பது விடையாகாது, ஒற்றை ஆளின் சோர்வுதான் அந்தக் கதவைத் திறந்தது. உரிமையைப் பிரித்துக் கொடுங்கள்: மெயின் பிராஞ்சுக்கு இன்னொருவர் பார்வையிடாமல் எதுவும் சேரக்கூடாது, ரிலீஸ் யாருடைய லேப்டாப்பிலிருந்தும் போகாமல் டேக்கிலிருந்து தானியங்கியாகவே கட்டப்பட வேண்டும், புதிய சார்புநிலை சேர்க்கும் மாற்றத்துக்கு மட்டுமாவது இருவர் ஒப்புதல் வேண்டும். உதவிக்கு வந்த உண்மையான ஆளுக்கு இவை எதுவும் சுமையாக இருக்காது.

ஜாங்கோ சார்ந்தது என்றால் ஜாங்கோ காமன்ஸ், பைடெஸ்ட் ப்ளகின் என்றால் பைடெஸ்ட்-டெவ் போன்ற கூட்டு அமைப்புகளிடம் ரெப்போவை ஒப்படைப்பதும் இதன் ஒரு வகைதான். தனி ஆளைத் தேடி எடை போட வேண்டிய கவலை குறைகிறது. ஆனால் அமைப்பு வீடு மட்டுமே தரும், அங்கே உட்கார்ந்து திருத்தம் செய்ய ஆள் வேண்டும்.

பெயரை மனு கொடுத்து வாங்குவது

பராமரிப்பாளர் எந்த வழியிலும் கிடைக்கவில்லை என்றால், பைபிஐ பெயர்களை யாருக்கு மாற்றலாம் என்று சொல்லும் பெப் 541 விதி இருக்கிறது. கைவிடப்பட்டது என்று கருத மூன்று நிபந்தனைகளும் நிறைவேற வேண்டும்: உரிமையாளரைத் தொடர்புகொள்ள முடியவில்லை, 12 மாதமாக ரிலீஸ் இல்லை, பிராஜெக்ட்டின் முகப்புத் தளத்தில் அவரது நடமாட்டம் இல்லை. பைபிஐ ஆட்களே மூன்று முறையாவது அவரைத் தொடர்புகொள்ள முயல்வார்கள், அதற்கு ஆறு வாரம் போகும். நீங்கள் காட்ட வேண்டியவை: உங்கள் சொந்தத் தொடர்பு முயற்சிகள், உங்கள் ஃபோர்க்கில் ஏற்கெனவே செய்த மேம்பாடுகள், புதுப் பெயரில் வெளியிடுவது ஏன் போதாது என்பதற்கான காரணம். பெரும்பாலான மனுக்கள் இந்தக் கடைசிக் கேள்வியில்தான் தடுக்கி விழுகின்றன. "பெயர் நன்றாக இருக்கிறது" என்பது காரணமாகாது. இந்தப் பெயரைச் சார்புநிலையாகக் குறித்திருக்கும் லைப்ரரிகள் இவை, அவற்றில் இவை இவை பைத்தான் 3.12-இல் நிறுவ முடியாமல் நிற்கின்றன என்று பட்டியலோடு காட்டுங்கள்.

உரிமையாளர் ஒரே வரியில் "தர விருப்பமில்லை" என்று பதில் போட்டால் கதை அங்கே முடிந்தது. தொடர்பில் இருப்பவரின் விருப்பத்துக்கு எதிராகப் பெயரை மாற்றித் தர பெப் 541 இடம் கொடுப்பதில்லை. அது சரியான விதிதான். எனவே மனு கொடுத்துவிட்டுச் சும்மா காத்திருக்காமல், ஃபோர்க்கைத் தயார் நிலையில் வைத்துக்கொண்டு காத்திருங்கள். மனுவுக்கும் அதுதான் ஆதாரம், மறுக்கப்பட்டால் அடுத்த வழியும் அதுதான்.

டெபியன் லினக்ஸில் இதே சிக்கலுக்கு வேகமான முறை இருக்கிறது. மீட்கப்போகிறேன் என்று பக் பதிவு செய்து 21 நாள் பொறுத்து, பிறகு ஏழு நாள் தாமத வரிசையில் ஏற்றலாம். பெர்ல் மொழியின் பேக்கேஜ் தளமான சிபானில் 'அடாப்ட்மி' என்ற பொய்ப் பராமரிப்பாளர் பெயரைச் சேர்த்தே ஒரு மாட்யூல் தத்துக்குக் காத்திருப்பதை அறிவிக்கிறார்கள். பைபிஐ நிதானமாக நடப்பதற்குக் காரணம் உண்டு. 2014 முதல் அசையாமல் கிடந்த சிடிஎக்ஸ் பேக்கேஜை 2022 மே மாதம் ஒருவர் கைப்பற்றியது எப்படியென்றால், பராமரிப்பாளரின் காலாவதியான மின்னஞ்சல் டொமைனைக் காசு கொடுத்து வாங்கிப் பாஸ்வேர்டை மாற்றிக்கொண்டார். பிறகு ஏற்றிய பதிப்பு, நிறுவியவர்களின் என்விரான்மென்ட் மாறிகளைத் திருடி அனுப்பியது. உறங்கும் பெயரின் மேல் கண் வைத்திருப்பவர்கள் எல்லோரும் நல்லவர்கள் அல்லர்.

புதுப் பெயரில் ஃபோர்க்

ஃபோர்க்கில் கோடைவிடப் பெயரிடுவதற்கே அதிக யோசனை தேவை. பைத்தானில் இரண்டு பெயர்கள் இருக்கின்றன: பிப் நிறுவும் பெயர், புரோகிராமில் இம்போர்ட் செய்யும் பெயர். முதலாவது கட்டாயம் மாற வேண்டும். இரண்டாவதை மாற்றுவதா என்பதுதான் முடிவு.

பில் படச் செயலாக்க லைப்ரரி 2009-இல் 1.1.7-ஓடு நின்றது. 2010-இல் பிறந்த பில்லோ, இம்போர்ட் பெயரை 'பில்' என்றே வைத்துக்கொண்டது. பயனர்கள் ரெக்வயர்மென்ட்ஸ் ஃபைலில் ஒரு சொல்லை மாற்றினால் போதும், கோடில் பெரும்பாலும் ஒன்றும் மாற்ற வேண்டாம். அது பரவியதற்கு இதுவும், 2013-இல் 2.0 பதிப்பு பைத்தான் 3-க்கு வழி திறந்ததும் முக்கியக் காரணங்கள். அதற்குக் கொடுத்த விலை, பில்லும் பில்லோவும் ஒரே என்விரான்மென்ட்டில் இருக்கக் கூடாது. ஏனென்றால் இரண்டு பேக்கேஜ்கள் ஒரே ஃபோல்டரில் எழுதுவதைப் பிப் தடுப்பதில்லை. பின்னால் வந்தது முன்னதன் மேல் எழுதும், ஒன்றை நீக்கினால் மற்றதன் ஃபைல்களும் சேர்ந்து போகும். பிழைச் செய்தியோ வேறெங்கோ, வேறு காரணம்போல வரும்.

பைக்ரிப்டோவின் வாரிசு இரண்டு வாசலையும் திறந்து வைத்தது. பைக்ரிப்டோடோம் பழைய 'கிரிப்டோ' என்ற இம்போர்ட் பெயரையே பயன்படுத்துகிறது. பைக்ரிப்டோடோம்எக்ஸ் அதே கோடை 'கிரிப்டோடோம்' என்ற தனிப் பெயரில் தருகிறது. பழையதை இன்னும் இழுத்துவரும் வேறு லைப்ரரி உங்களிடம் இருந்தால் இரண்டாவதை எடுத்துக்கொள்ளலாம். பரவலாகப் பயன்படும் லைப்ரரியை ஃபோர்க் செய்பவர் இந்த இரட்டை ஏற்பாட்டைச் செய்தே ஆக வேண்டும் என்பது என் உறுதியான கருத்து. பில்ட்டில் ஒரு பெயர் மாற்றம்தான் கூடுதல் வேலை, பயனருக்கோ பெரிய நிம்மதி.

மறைமுகச் சார்புதான் ஃபோர்க்கின் பலவீனம். பழைய பெயரைக் கேட்கும் இன்னொரு லைப்ரரிக்கு, "இது அதற்கு மாற்று" என்று சொல்ல மெட்டாடேட்டாவில் வரி இருந்தாலும் பிப் அதை மதிப்பதில்லை. பிப்புக்கு மாற்றான யூவி கருவியில் சார்புநிலையை மேலெழுதலாம், ஜாவாஸ்கிரிப்ட்டின் என்பிஎம்மில் ஓவர்ரைட்ஸ், ரஸ்ட்டின் கார்கோவில் பேட்ச், கோ மொழியில் ரிப்ளேஸ் உண்டு. ஆனால் இவையெல்லாம் இறுதி அப்ளிகேஷனில் மட்டும் செல்லும். ஜாவாவில் லாக்4ஜே என்ற லைப்ரரியின் முதல் தலைமுறை 2015-இல் ஆதரவை இழந்தது. 2022 ஜனவரியில் வந்த ரீலோட்4ஜே, 1.2.17-ஐ அடியாகக் கொண்டு பேக்கேஜ் பெயர்களை மாற்றாமல் விட்டதால் பழைய கோட் அப்படியே ஓடுகிறது. அங்கேயும் பழைய ஜார் மறைமுகமாக உள்ளே வராதபடி மேவனில் விலக்கு எழுத வேண்டும். பைத்தானில் இருக்கும் ஒரே நிலையான வழி, உங்கள் பழைய லைப்ரரியைச் சார்ந்தவற்றில் அதிகம் பயன்படும் பத்து இருபதுக்கு நீங்களே புல் ரிக்வெஸ்ட் அனுப்புவது. ஃபோர்க் நிலைப்பதும் மறைவதும் இந்தச் சலிப்பான வேலையில்தான் இருக்கிறது.

கிட்ஹப்பில் ஃபோர்க் எடுத்ததும் இஷ்யூ பகுதி மூடியே இருக்கும், செட்டிங்ஸில் போய்த் திறக்க வேண்டும். ஆக்‌ஷன்ஸையும் நீங்கள்தான் இயக்கி வைக்க வேண்டும்.

விட்டு விலகுவது

அந்த லைப்ரரியை உங்கள் கோட் எத்தனை இடத்தில் அழைக்கிறது என்று எண்ணுங்கள். ஐந்தாறு இடமென்றால் ஃபோர்க்கைப் பற்றி யோசிப்பதே வீண், மாறிவிடுங்கள். குறியாக்கம் போன்ற பாதுகாப்புக் கோட் என்றால் இடங்கள் நூறானாலும் மாறுவதுதான் சரி. ஆர்வம் மட்டும் உள்ள ஒருவர் தனியாகப் பராமரிக்கும் குறியாக்க லைப்ரரியை நம்புவதற்கில்லை. பாதி வழியில் நிற்கும் மாற்றம் மட்டும் கூடாது. நோஸ் பாணியில் எழுதிய டெஸ்ட்டுகளைப் பைடெஸ்ட் ஓட்டிக்கொண்டிருக்கிறதே என்று விட்டவர்களுக்கு, 2024-இல் பைடெஸ்ட் 8 அந்த ஆதரவை எடுத்தபோது செட்அப் ஃபங்ஷன்கள் ஓடாமல் போயின.

உரிமையாளர் நீங்களே என்றால்

தொடர விருப்பமில்லை என்றால் அதைச் சொல்லிவிடுவதே பயனருக்குச் செய்யும் பெரிய உதவி. ரீட்மீயின் முதல் வரியில் எழுதுங்கள், ரெப்போவை ஆர்கைவ் செய்யுங்கள், 2025 ஜனவரி முதல் பைபிஐயிலும் பிராஜெக்ட்டை ஆர்கைவ் என்று குறிக்கும் வசதி இருக்கிறது. ஆர்கைவ் செய்தால் இஷ்யூக்களும் பூட்டப்படும் என்பதால், ஆள் வந்தால் தொடர்புகொள்ள ஒரு மின்னஞ்சலை ரீட்மீயில் விடுங்கள், அதன் டொமைனைக் காலாவதியாக விடாதீர்கள். எந்தக் காரணத்துக்காகவும் பைபிஐயிலிருந்து அழிக்காதீர்கள். 2016-இல் லெஃப்ட்-பேட் என்ற 11 வரி பேக்கேஜ் என்பிஎம்மிலிருந்து எடுக்கப்பட்டபோது ஆயிரக்கணக்கான பில்ட்கள் நின்றன. பைபிஐயில் அழித்தால் கூடவே பெயரும் விடுபட்டு, வேறு யாரும் பதிந்துகொள்ளலாம் என்றாகிவிடும்.

மீண்டெழும் முதல் ரிலீஸ்

கூட்டுப் பொறுப்போ, மனுவோ, ஃபோர்க்கோ, எந்த வழியில் வந்தாலும் முதல் ரிலீஸில் புதிய வசதி எதுவும் வேண்டாம், ஃபங்ஷன் பெயர் எதையும் மாற்ற வேண்டாம். பல வருடக் காத்திருப்புக்குப் பின் வரும் ரிலீஸைப் பலருடைய பில்ட்கள் யாரும் பார்க்காமலே தானாக எடுத்துக்கொள்ளும். முதலில் ஆர்சி என்ற முன்னோட்டப் பதிப்பை ஏற்றி இரண்டு வாரம் விடுங்கள். அந்தப் பெயரில் ஏற்கெனவே முழு ரிலீஸ் இருந்தால் பிப் அதைத் தானாக எடுக்காது, கேட்டவருக்கு மட்டும் கொடுக்கும். ஏற்றிய ஃபைல் பெயரை அழித்தாலும் மறுபடி பயன்படுத்த முடியாது என்பதால், தவறு நேர்ந்தால் அந்தப் பதிப்பைப் பிப் தானாக எடுக்காதபடி யாங்க் செய்துவிட்டு அடுத்த எண்ணுக்குப் போங்கள்.

பழைய பைத்தான்களைக் கைவிடுவதாக இருந்தால் ரெக்வயர்ஸ்-பைத்தான் வரியை மெட்டாடேட்டாவில் எழுதியே ஆக வேண்டும். அது இருந்தால் பைத்தான் 3.7-இல் இருப்பவரின் பிப் தானே முந்தைய பதிப்பில் நின்றுகொள்ளும். மறந்தால் புதிய கோட் அங்கே போய்ச் சின்டாக்ஸ் பிழையில் விழும், இஷ்யூ உங்களிடம் வரும்.

பிறகு வாரம் ஒருமுறை டெஸ்ட்டுகள் தானாக ஓடும்படி ஆக்‌ஷன்ஸில் நேர அட்டவணை வையுங்கள். சார்புநிலைகள் மாறி எப்போது உடைகிறது என்பதை அதுதான் முதலில் சொல்லும். பொது ரெப்போவில் 60 நாள் எந்தச் செயல்பாடும் இல்லையென்றால் கிட்ஹப் அந்த அட்டவணையை நிறுத்திவிடுகிறது. அமைதியாக இருக்கும் லைப்ரரியில் இது நிச்சயம் நடக்கும். நிறுத்தியதாக ஒருவருக்கு வரும் மின்னஞ்சலை மட்டும் நம்பாமல், பொறுப்பில் உள்ள இருவரின் காலண்டரிலும் இரண்டு மாதத்துக்கு ஒருமுறை அதை மீண்டும் இயக்கும் வேலையைக் குறித்து வையுங்கள்.